ஊரில் கூத்து நிற்காமல் இருக்க: முதல் ஆண்டிலிருந்து செய்ய வேண்டியவை

கூத்து வாத்தியார் யாரிடமாவது போய், "இந்தக் கலை அழியாமல் இருக்க நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் ஒருவர்கூட விருது, பொன்னாடை என்று பேச்சை எடுக்கவில்லை. "உங்க ஊர்ல கூத்து வைங்க, அது போதும்" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பதிலை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். ராத்திரியில் ஜமா, அதாவது கூத்துக் குழு, வந்து அதே கதையை விடிய விடிய ஆடும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, பதினெட்டாம் போர், மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனனைச் சுற்றி நடக்கும் படுகளம் எல்லாம் முடிந்து கடைசியில் தீமிதி. இது போக மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு ராத்திரிக் கூத்து, பெரியவர் யாராவது இறந்தால் காரியத்தன்று கர்ண மோட்சம் என்று தனித்தனி ராத்திரிகளும் உண்டு. ஜமாவின் பிழைப்பு இந்த ராத்திரிகளில்தான் இருக்கிறது. ராத்திரி குறைந்தால் முதலில் விலகுவது சின்ன வேஷக்காரர்கள். அப்புறம் மிருதங்கக்காரர். கடைசியில் வாத்தியாரும் அவருடைய பெட்டியும் மட்டும் மிஞ்சும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனி. 2021 மே மாதம் இரண்டாம் அலை வந்தபோது சித்திரை, வைகாசி. கூத்துக்காரர்களுக்கு வேலை இருக்கும் மாதங்களே இரண்டு வருடம் தொடர்ந்து பறிபோயின. பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர்களும் பழக்கம் விட்டுப்போயின என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இரண்டு வருடம் வைக்காத ஊரில் மூன்றாம் வருடம் "இப்ப எதுக்கு?" என்று கேட்க ஒருவர் எழுந்து நிற்பார். அந்த ஒருவருக்குப் பதில் சொல்லத் தயாராவதுதான் நம் வேலை.

1. முதலில் ஊரைச் சுற்றி வாருங்கள்

கமிட்டி, பேனர், வாட்ஸ்அப் குழு எல்லாம் அப்புறம். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் மாலை நேரத்தில் வீடு வீடாகப் போங்கள். கடைசியாக எந்த வருடம் கூத்து நடந்தது, எந்த ஜமா வந்தது, யார் பணம் பிரித்தார்கள், ஏன் நின்றது என்று கேளுங்கள். நின்றதற்கான காரணத்தை மூன்று பேரிடமாவது தனித்தனியாகக் கேட்பது முக்கியம். "இளசுகளுக்கு ஆர்வம் இல்லை" என்பது பொதுவில் சொல்லும் காரணம். தனியாகக் கேட்டால் கணக்கு காட்டாத தகராறு, முதல் மரியாதைச் சண்டை, பங்காளிப் பிரிவு என்று உண்மை வெளியே வரும். எங்கள் ஊரில் நின்றதற்கு ஒரு வேட்டியும் துண்டும் காரணம். யாருக்கு முதலில் கட்டுவது என்ற பேச்சு கைகலப்பில் முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நாங்கள் முதல் கூட்டம் போட்டோம். நாலு பேர்தான் வந்தார்கள்.

பக்கத்து ஊர்களில் இருக்கும் கலைஞர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். வேஷக்காரர்கள் மட்டும் போதாது. முகவீணை, ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம் போடுகிறவர்கள், மரத்தில் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் செதுக்குகிறவர்கள் எல்லோரும் பட்டியலில் வர வேண்டும். இந்தக் கட்டைச் சாமான் செய்யத் தெரிந்தவர் ஒரு வட்டாரத்தில் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். அவரை இழந்துவிட்டால் ஆட்டக்காரர் இருந்தும் வேஷம் கட்ட முடியாது.

பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. புரிசை ஊர்க் கூத்துப் பரம்பரையினர் தெருக்கூத்து என்பார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் அவரோடு இருப்பவர்களும் கட்டைக்கூத்து என்று சொல்ல வேண்டும் என்பார்கள். 1990இல் அவர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயரும் கட்டைக்கூத்துச் சங்கம்தான். உங்கள் நோட்டீஸில், உங்கள் ஊருக்கு வரும் ஜமா எப்படிச் சொல்கிறதோ அப்படியே போடுங்கள். இந்த வாதத்தைத் தீர்த்து வைப்பது நம் வேலை இல்லை.

2. குழுவில் யார் இருக்க வேண்டும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு செய்ய ஏழு பேராவது வேண்டும். முதல் வருடமே பதிவு அவசியம் இல்லை. ஆனால் ஏழு என்ற எண்ணிக்கை நல்ல எண்ணிக்கை. கோயில் தர்மகர்த்தா தரப்பில் ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர், வெளியூரில் வேலை பார்த்தாலும் போன் எடுக்கிற ஒருவர், மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேர், எல்லாத் தெருவுக்கும் போய்ப் பேசக்கூடிய ஒரு இளைஞர், பள்ளி ஆசிரியர் ஒருவர். கட்சிப் பொறுப்பில் இருப்பவரைத் தலைவராக்க வேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் அடுத்த தேர்தலில் கூத்தும் சேர்ந்து தோற்கும்.

இப்போது கடினமான விஷயம். பல ஊர்களில் பாரதம் நடத்துவது ஒரு சாதியின் கோயில் உரிமையாக இருக்கிறது. காலனித் தெருவில் கூத்துக்கான ஊர் வரி வாங்க மாட்டார்கள். சலுகை போலத் தெரியும், உண்மையில் அது விலக்கி வைப்பது. வரி கொடுக்காதவருக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது, கூத்து ஆடும் களரிக்கு முன்னால் இடமும் கிடையாது. "எங்க கிட்ட யாரும் கேக்கவே இல்ல" என்று ஒரு பெரியவர் சொன்னதை நான் மறக்கவில்லை. இதை ஒரே வருடத்தில் சரிசெய்ய முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு வழி உண்டு. கோயில் பாரதத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, தனியாக ஒரு ராத்திரிக் கூத்தைப் பள்ளி மைதானத்தில் வையுங்கள். எல்லாத் தெருவிலும் பணம் கேளுங்கள். எல்லோரும் எங்கு வேண்டுமானாலும் உட்காரட்டும். ஜமாவுக்கு எல்லாத் தெருவிலிருந்தும் சாப்பாடு வரட்டும். இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே தொடங்குங்கள். எதிர்ப்புக்குப் பயந்து பாதி ஊரை விட்டுவிட்டு "ஊர்க் கலை" என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

3. பணம்

பெரும்பாலான முயற்சிகள் சாகிற இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் செலவை எழுதுங்கள். ஜமா சம்பளம், அவர்களின் வண்டி வாடகை, இரண்டு வேளைச் சாப்பாடும் நள்ளிரவு டீயும், விளக்கு, மைக் செட், பந்தல், நோட்டீஸ். முழுப் பாரதம் என்றால் பிரசங்கியார் சம்பளம், தபசு மரம், படுகள மண் சிலை, தீமிதிக்கு விறகு. பலர் மறப்பது இரண்டு: ஒப்பனை போட மறைவான ஒரு அறை, விடிந்ததும் முகத்தில் பூசிய அரிதாரம் கழுவத் தண்ணீர். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஆனால் அவை இல்லாத ஊரைப் பற்றி எல்லா ஜமாவிலும் பேசிக்கொள்வார்கள்.

வரவு பக்கம், குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரிதான் முதுகெலும்பு. 300 தலைக்கட்டு, வீட்டுக்கு 500 ரூபாய் என்றால் 1,50,000 ரூபாய். முக்கால் பங்குதான் கைக்கு வரும் என்று வைத்து 1,12,500க்குள் திட்டம் போடுங்கள். மீதி வந்தால் அடுத்த வருடத்துக்கு. ஒரே ஒரு பணக்காரர் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று வந்தால் கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டுச் செலவை மட்டும் அவரிடம் கொடுங்கள். அவருக்கு மனம் மாறினால் சாப்பாடு மட்டும்தான் சிக்கலாகும். வெளியூரில் இருப்பவர்களிடம் "நன்கொடை கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "கர்ண மோட்சம் ராத்திரிக்கு விளக்குச் செலவு உங்களுடையது" என்று ஒரு ராத்திரியையும் ஒரு பொருளையும் சொல்லிக் கேளுங்கள். பணம் வரும், ஆளும் வருவார்.

ஜமாவோடு பேசும்போது வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம், அதாவது முன்பணம், கொடுப்பது வழக்கம். அது இருக்கட்டும், கூடவே ஒரு தாளிலும் எழுதுங்கள்: தேதி, என்ன கதை, எத்தனை பேர் வருவார்கள், மொத்தச் சம்பளம், அச்சாரம், மழை வந்தால் என்ன, சாவு விழுந்து விழா நின்றால் என்ன. கடைசி இரண்டும் எழுதாமல் விட்டால் நஷ்டம் எப்போதும் கூத்துக்காரர் தலையில்தான் விழுகிறது. மீதிச் சம்பளத்தை விடிந்ததும், அரிதாரம் கலைப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். "சாயந்திரம் வாங்க, வசூல் முடியட்டும்" என்று சொல்வதைப் போல ஒரு அவமரியாதை இல்லை. அவர்களுக்கு அன்று ராத்திரி வேறு ஊர்.

விழா முடிந்த ஏழாம் நாள் வரவு செலவை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். 10 ரூபாய் டீச் செலவு வரை. அடுத்த வருட வசூல் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

4. அனுமதி: ராத்திரிதான் சிக்கல்

கூத்து சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி விடியும் வரை நடப்பது. சட்டமோ வேறு மாதிரி இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000இன்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு 12 மணி வரை தளர்வு தரலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். உங்கள் ஊர் விழா அந்த நாட்களில் தானாக வந்துவிடும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "மைக்கை அணைத்துவிட்டோமே" என்பதும் முழு விலக்கு ஆகாது, விதி இசைக்கருவிகளையும் சேர்த்தே பேசுகிறது.

அப்படியானால் விடிய விடியக் கூத்து எப்படி நடக்கிறது? காவல் நிலையம், கோயில் தரப்பு, ஊர் மூன்றும் முன்கூட்டியே பேசி ஒத்துப்போகும் இடங்களில் நடக்கிறது. எனவே விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கடிதத்தோடு நிலையத்துக்குப் போங்கள். கடிதத்தில் தேதி, இடம், பொறுப்பாளர் பெயர், போன் எண் இருக்கட்டும். ஊராட்சியின் ஒப்புதலையும் கோயில் தரப்புக் கடிதத்தையும் இணையுங்கள். தீமிதி உண்டென்றால் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு நகல்.

களத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம். இரண்டு பெட்டி ஸ்பீக்கர், இரண்டும் களரியைப் பார்த்து. கதையின் தொடக்கம், கட்டியங்காரன் வரும் சிரிப்புப் பகுதி, முக்கிய வேஷங்கள் திரைக்குப் பின்னாலிருந்து முதலில் வரும் திரைப் பிரவேசம் ஆகியவற்றை முன்னிரவிலேயே வைக்க வாத்தியாரிடம் கேளுங்கள். அதன்பின் சத்தத்தைக் குறைத்து, கூட்டத்தைக் களரியின் மூன்று பக்கமும் நெருக்கி உட்கார வையுங்கள். மைக் வருவதற்கு முன் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்த கூத்து இது. தொண்டையைத் திறந்து பாடுவதே இதன் பயிற்சி. சத்தம் குறைந்த அந்தப் பின்னிரவில்தான் முகவீணை உண்மையில் காதில் விழும் என்பது என் சொந்த ருசி.

தேர்தல் காலண்டரையும் பாருங்கள். சட்டமன்றத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகின்றன. 2021இல் ஏப்ரல் 6, 2024இல் ஏப்ரல் 19. நடத்தை விதி அமலில் இருக்கும்போது ஒலிபெருக்கி அனுமதி இன்னும் இறுகும். அந்த வருடங்களில் கூத்தை வைகாசிக் கடைசிக்கோ ஆடிக்கோ தள்ளுவது நிம்மதி.

5. ஊராட்சியிடம் பணம் கேட்காதீர்கள், இடம் கேளுங்கள்

கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பத்துப் பேராகப் போங்கள். "கலையை வளர்க்க வேண்டும்" என்று பொதுவாகப் பேசினால் கைதட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். "கூத்து நடக்கும் திடலில் குப்பை கொட்டக் கூடாது, ஒரு தெருவிளக்கு வேண்டும், குழாய் ஒன்று வேண்டும், பெண்கள் ராத்திரியில் பயன்படுத்தக் கழிப்பறை திறந்திருக்க வேண்டும்" என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை நகராதீர்கள். எழுதியதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கவில்லை என்றால் அந்தப் போட்டோவை இணைத்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

கழிப்பறையைச் சும்மா சேர்க்கவில்லை. ராத்திரி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து பார்க்காத கூத்துக்கு எதிர்காலம் இல்லை. குழந்தையைக் கூட்டி வருவது அவர்கள்தான்.

6. அரசு வாசல்கள்

கலைஞர்களுக்காக நீங்கள் ஓடி முடித்துத் தரக்கூடிய காகித வேலை இது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவருக்குக் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து, ஈமச்சடங்கு உதவி போன்றவை உண்டு. பல ஆட்டக்காரர்களிடம் உறுப்பினர் அட்டை காலாவதியாகிக் கிடக்கிறது. புதுப்பிக்க ஒரு நாள் கூட்டிப்போங்கள். நலிந்த மூத்த கலைஞர்களுக்கு மாத உதவி, வாத்தியக் கருவியும் உடையும் வாங்க உதவி போன்றவற்றுக்கு இயல் இசை நாடக மன்றம். மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயதுப்படி இருக்கின்றன: 18 வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் நிகழ்ச்சி வாய்ப்புகள் தருகிறது.

2007இல் தொடங்கி இடையில் நின்று 2023இல் மீண்டும் வந்த சென்னை சங்கமம் போன்ற மேடைகளையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, அது கௌரவம், காசும்கூட. ஆனால் அங்கே கூத்து குறுகிய நேரத்தில் சுருங்க வேண்டும். சுருக்கி ஆடியே பழகிய இளம் ஆட்டக்காரர் ஒருவருக்கு விடியும் வரை தாங்கும் மூச்சு எங்கிருந்து வரும்? அந்த மூச்சை ஊர்தான் தர வேண்டும்.

7. பிள்ளைகள்

கோடை விடுமுறையில் பத்து நாள், மாலை இரண்டு மணி நேரம். இதற்கு மேல் முதல் வருடம் ஆசைப்பட வேண்டாம். வாத்தியாருக்கு ஒரு கூத்து ராத்திரிக்கு என்ன கிடைக்குமோ அதைக் கணக்கில் வைத்துச் சம்பளம் கொடுங்கள், "சேவை" என்று சொல்லி இலவசமாகக் கூப்பிடாதீர்கள். தாளத்தில் தொடங்கி, அடவு, பிறகு ஒரு சின்னத் திரைப் பிரவேசம். பத்தாம் நாள் பெரிய ஜமாவின் கூத்துக்கு முன்னால் அதே களரியில் கால் மணி நேரம் ஆடட்டும். பிள்ளை வேஷம் கட்டினால் அப்பா, அம்மா, பாட்டி, பக்கத்து வீடு எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடும். கூட்டம் சேர்க்க இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியாது.

பெண் பிள்ளைகளையும் சேருங்கள். ஆண்களே பெண் வேஷமும் கட்டிய கலை என்பதால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் நடந்த கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிப் படிப்போடு ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுத் தந்தது. ராஜா வேஷம் கட்டிக் கிரீடத்தோடு சுழன்று ஆடும் பெண்கள் அங்கிருந்து வந்தார்கள். குருகுலம் 2020இல் மூடப்பட்டது. ஒரே ஒரு இடத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு நாம் சும்மா இருக்கக் கூடாது என்று அப்போது தோன்றியது. பத்து ஊரில் பத்துப் பத்து நாள் நடப்பது குருகுலத்துக்கு ஈடாகாது, ஆனால் அது நம்மால் முடிவது.

8. ஆடல் பாடலோடு மல்லுக்கு நிற்காதீர்கள்

இளைஞர்கள் ஆர்கெஸ்ட்ரா கேட்பார்கள். கூத்தா, பாட்டுக் கச்சேரியா என்று ஓட்டெடுப்பு நடத்தினால் கூத்து தோற்கும். வேறு வேறு ராத்திரியில் வையுங்கள். கச்சேரிக்கு வரி கிடையாது, வேண்டியவர்கள் தனியாக வசூலிக்கட்டும் என்று சொல்லுங்கள். சண்டை தானாக அடங்கும்.

9. படம் பிடித்துப் பதிவு செய்வது

சுருக்கமாக: ஜமாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முழு ராத்திரியையும் யூடியூபில் ஏற்ற வேண்டாம், ஐந்து நிமிடத் துண்டுகள் போதும், அதில் ஜமாவின் பெயரும் வாத்தியாரைத் தொடர்புகொள்ளும் வழியும் அவர் சம்மதத்தோடு இருக்கட்டும். முழுப் பதிவின் ஒரு பிரதி வாத்தியாருக்கு. அவர் வீட்டில் பழைய பாட்டு நோட்டுகள் இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கொடுங்கள், அசலை வாங்கி வராதீர்கள். வாங்கிப் போனவர்கள் திருப்பித் தராத கதை எல்லா வாத்தியார் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

10. இரண்டாம் ஆண்டு

முதல் வருடம் ஆசையில் நடந்துவிடும். இரண்டாம் வருடம்தான் கஷ்டம். வெளியூர்க்காரர்களை இழுப்பது மாறாத தேதி. தஞ்சாவூர் மாவட்டம் மெலட்டூரைப் பாருங்கள். அது பாகவத மேளம், வேறு கலை, வேறு சமூகம். ஆனால் வெளியூர்களில் உத்தியோகம் பார்க்கும் அந்த ஊர் ஆண்கள் நரசிம்ம ஜெயந்தி என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். தேதி எது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கும் அப்படி ஒன்றைப் பிடியுங்கள். "வைகாசி மூன்றாம் வெள்ளி" என்றால் பெங்களூரில் இருப்பவர் ஜனவரியிலேயே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவார். தேர்தல் வருடத்தில் மட்டும் மாற்றம், அதையும் பொங்கலுக்குள் சொல்லிவிடுங்கள்.

கடைசி ராத்திரி விடிந்ததும் ஜமா பெட்டி கட்டிக்கொண்டிருக்கும். கட்டைச் சாமான்களைத் துணியில் சுற்றி அடுக்குவார்கள், சின்னப் பையன்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். மீதிச் சம்பளத்தைக் கொடுக்கும்போதே, அதே தட்டில் வெற்றிலை பாக்கோடு அடுத்த வருடத் தேதியையும் 501 ரூபாய் அச்சாரத்தையும் வைத்துவிடுங்கள். ஏழு பேரும் பக்கத்தில் நின்று கொடுங்கள். வாத்தியார் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். நீங்களும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வண்டிக்கு டீசல் போட்டு அனுப்பிவிட்டுத் திடலைப் பெருக்குங்கள்.